ஜிஆர்86-க்கு விண்டர் டயர்: 18 இன்ச்லயே இருக்கலாமா, 16-க்கு இறங்கணுமா?

#1 கோவை86

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஜூன்ல ஒரு டொயோட்டா ஜிஆர்86 எடுத்தேன். மேனுவல், பிரீமியம் மாடல். கூடவே வந்தது 215/40/18 மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதுல 40 சதவீதம், ரிம் 18 இன்ச்). கோடை பூரா குறையே சொல்ல முடியாத டயர். இப்ப அக்டோபர் பாதி தாண்டிருச்சு. காலைல 3, 4 டிகிரில கிளம்பினா ரெண்டாவது கியர்ல கொஞ்சம் அழுத்தி மிதிச்சாலே பின்பக்கம் நழுவி டிராக்‌ஷன் விளக்கு மினுக்குது. ரோடு காய்ஞ்சுதான் இருக்கு.

இருக்கிறது கனடால டொராண்டோ பக்கம். வீடு ஸ்கார்பரோ, ஆபீஸ் மார்க்கம். தினமும் 401, 404 ஹைவே. அப்பப்ப அக்கா வீட்டுக்கு மாண்ட்ரியல் போவேன். வேற வண்டி கிடையாது. வீட்ல அண்டர்கிரவுண்ட் பார்க்கிங், ஆபீஸ்ல திறந்தவெளி.

18 இன்ச் ரிம்லயே பெர்ஃபார்மன்ஸ் விண்டர் டயர் போடுறதா, சின்ன ரிம் வாங்கி தனி செட்டா வச்சுக்கறதா? ஒரு கடைல "ஆல் சீசன் போதும் சார், எதுக்கு ரெண்டு செலவு"ன்னாங்க. இன்னொரு கவலையும் இருக்கு, சிரிக்காதீங்க: கறுப்பு ஸ்டீல் ரிம் போட்டா வண்டியைப் பார்க்கவே மனசு வராதே.

#2 ஸ்காபறோ_அண்ணை

தம்பி, ரிம்மின்ர அழகைப் பிறகு கதைப்பம். முதல்ல அந்த பைலட் ஸ்போர்ட்டைக் கழட்டுற வழியைப் பாருங்கோ. அது கோடை ரயர். 7 டிகிரிக்குக் கீழ போனால் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். சினோ (பனி) விழவேணும் எண்டில்லை, காய்ஞ்ச ரோட்டிலயும் பிடிக்காது. உங்களுக்கு விளக்கு மினுக்கினது அதாலதான்.

ஓல் சீசன் காணும் எண்டு சொன்னவர் கம்ரி மாதிரிக் குடும்பக் கார் ஓடுறவைக்குச் சொல்லுறதையே உங்களுக்கும் சொல்லியிருப்பார். உங்கட காருக்குப் பின் சக்கர இழுவை, 228 குதிரைச் சக்தி, அடிவயிறு நிலத்தில இருந்து ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர். ஒன்ராறியோவில வின்ரர் ரயர் கட்டாயம் இல்லைத்தான். கட்டாயம் இல்லை எண்டதும் தேவை இல்லை எண்டதும் ஒண்டில்லை. போட்டால் இன்சூரன்ஸ்காரர் கழிவு தரவேணும், 2016 ஜனவரியில இருந்து அது சட்டம். சின்னக் கழிவுதான், ஆனால் கேட்டு வாங்குங்கோ, தாங்களா ஞாபகப்படுத்த மாட்டினம்.

என்ர வாக்கு 205/55/16-க்கு. ஐஸ் ரயராப் (உறைஞ்ச ரோட்டுக்கெண்டு செய்த மெதுவான ரப்பர்) போடுங்கோ: பிரிட்ஜ்ஸ்ரோன் பிளிசாக் டபிள்யூஎஸ்90, மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ, நோக்கியன் ஹக்கப்பெலிற்றா ஆர்5. இந்த மூண்டில எது நல்ல விலைக்கு வருதோ அதை எடுங்கோ. மூண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதுகளுக்கும் ஓல் சீசனுக்கும் உள்ள வித்தியாசத்தோட பார்த்தால் ஒண்டுமேயில்லை.

#3 கடைப்பக்கம்

நான் டயர் கடைல வேலை பாக்குறவன். அண்ணன் சொன்னதுல ஒண்ணைச் சேர்க்கணும். கோடை டயரைக் குளிர்ல ஓட்டினா பிடிப்பு மட்டும் போகாது, டயரே போயிரும். இந்த மாதிரி டயர் -7 டிகிரிக்குக் கீழ இருந்திருந்தா, குறைஞ்சது 5 டிகிரில 24 மணி நேரம் வச்சு எடுத்த பிறகுதான் உருட்டலாம்னு மிஷெலினே எழுதி வச்சிருக்கான். உங்க வீட்டு பார்க்கிங் சூடா இருக்கும், சரி. ஆபீஸ்ல எட்டு மணி நேரம் -15-ல நிக்கிற வண்டியைச் சாயந்திரம் எடுக்கிறீங்கள்ல, அங்கதான் ஆபத்து.

விரிசல் எங்க வரும்னு தெரிஞ்சா நீங்களே பார்க்கலாம். ட்ரெட்ல (ரோட்டைத் தொடுற, பள்ளம் வெட்டின பகுதி) ஒவ்வொரு கட்டையும் அடியோட ஒட்டுற இடத்துல, பள்ளத்துக்குள்ள, நகத்தால கீறின மாதிரி மெல்லிசா ஒரு கோடு ஓடும். கட்டைகளோட வெளி ஓரத்துல பொடிப்பொடியா சில்லு தெறிச்சிருக்கும். விரலை அழுத்தி விரிச்சாத்தான் தெரியும். மார்ச்ல வருசா வருசம் இப்படி வர்ற டயரைப் பாக்குறோம். வாரண்டில ஏறாது. அந்த டயர் குளிர்ல ஹாக்கி பக் மாதிரிதான், ரப்பர்னு பேரு மட்டும் இருக்கும்.

#4 மஸ்டாங்_மச்சி

எதிர்க்கட்சிக்கும் ஒரு வாய்ப்புக் குடுங்கப்பா. நான் ஓட்டுறது மஸ்டாங் 5.0. வின்டருக்கு நாலு பக்கமும் 255/40/19, பெர்ஃபார்மன்ஸ் விண்டர். கோடைல பின்னாடி 275 போகும். குளிர்காலத்துல நாலும் ஒரே அளவு, அப்பதான் முன்னபின்ன மாத்திப் போட்டு ஒரே சீரா தேய வைக்கலாம்.

ஐஸ் டயர் நானும் ஓட்டியிருக்கேன். 404-ல லேன் மாறும்போது திருப்பிட்டு ஒரு நொடி காத்திருக்கணும், ட்ரெட் அவ்வளவு நெளியுது. பிப்ரவரில 8 டிகிரி வெயில் வந்தா வண்டி கூழ் மேல ஓடுற உணர்வு. ஜிஆர்86 ஆள் வாங்குறதே ஸ்டியரிங் உணர்வுக்காகத்தானே? டொராண்டோ நெடுஞ்சாலையில முக்கால்வாசி நாள் உப்புப் போட்டு, வழிச்சு, வெறும் ஈரமாத்தான் கிடக்கு. அந்த ரோட்டுக்கு பைலட் ஆல்பின், சோட்டோசீரோ, கான்டினென்டல் டிஎஸ்860எஸ் மாதிரி டயர்தான் பொருத்தம். குளிர்ந்த ஈரத்துல பிரேக் நல்லா நிக்கும், 240 கி.மீ. வேக மதிப்பு இருக்கு, பனியிலயும் ஓரளவு சமாளிக்கும்.

#5 ஸ்காபறோ_அண்ணை

மச்சி, முக்கால்வாசி நாளுக்கு நீர் சொல்லுறது சரி. மிச்சக் கால்வாசிக்குத்தான் வின்ரர் ரயர் வாங்குறது.

401-ஐ வழிச்சுப்போடுவாங்கள். உம்மட வீட்டு ஒழுங்கையை எப்ப வழிப்பாங்கள்? பிரிம்லி ரோட்டால புளஃபர்ஸ் பார்க்குக்கு இறங்குற சரிவில, மேல உருகின தண்ணி ராத்திரி உறைஞ்சு கிடக்கேக்க, 240 கி.மீ. வேக மதிப்பு ஒண்டுக்கும் உதவாது. எக்ஸ்-ஐஸின் மதிப்பு எச் எண்டால் 210, ரி எண்டால் 190. ஒன்ராறியோவில 100, சில துண்டில 110. மிச்சத்தை ஆருக்கு ஓடிக் காட்டப் போறீர்?

#6 ஸ்டுட்கார்ட்வாசி

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு குளிர்காலத்தைப் பேசுகிறீர்கள். மஸ்டாங்_மச்சி சொல்லும் டயர்கள் எங்கள் ஊர்க் குளிருக்காகச் செய்தவை. இங்கே ஜனவரியில் 2 டிகிரி, மழை, ஆட்டோபானில் 160-இல் போகிறவர்கள் உண்டு. அந்த வேகத்தில் ட்ரெட் நெளியக் கூடாது, தண்ணீரைத் தள்ள வேண்டும், அதனால் ரப்பரைக் கொஞ்சம் இறுக்கமாகவே வைப்பார்கள். ஃபின்லாந்தில் விற்கும் ஆணியில்லாத ஐஸ் டயர் வேறு ஜாதி. நோக்கியன் 1934-லேயே பனிக்கென்று டயர் செய்தவர்கள், அவர்கள் மனதில் இருப்பது மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் ரோடு. டொராண்டோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, சண்டை அதனால்தான்.

இங்கே ஒரு வசதியும் இருக்கிறது. காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த மதிப்புள்ள விண்டர் டயர் போடலாம், ஆனால் ஓட்டுநர் கண்ணில் படும்படி அந்த வேகத்தை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். போர்ஷே டேஷ்போர்டில்கூட அந்த ஸ்டிக்கரைப் பார்க்கலாம், வேடிக்கையாக இருக்கும்.

2024 அக்டோபரிலிருந்து இங்கே டயரில் வெறும் எம்+எஸ் (சேறும் பனியும்) எழுத்து செல்லாது. பனிக்காலச் சாலையில் போக மலையும் பனிப்பூவும் உள்ள சின்னம் கட்டாயம்.

#7 மொன்றியல்வாசி

கோவை தம்பி, அக்கா வீட்டுக்கு இஞ்சால வாற ஆள் எண்டபடியால் சொல்லுறன். கியூபெக்கில டிசெம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரைக்கும் வின்ரர் ரயர் கட்டாயம். அது கியூபெக்கில பதிஞ்ச காருகளுக்கு, ஒன்ராறியோத் தகட்டோட வாற உங்களைப் பிடிக்க மாட்டாங்கள். ஆனால் ரோட்டுக்கு உங்கட தகடு தெரியாது.

ஐஸைப் பற்றி ஆக்கள் பிழையா நினைக்கிற ஒரு விசயம்: -20-ஐ விட 0-க்குப் பக்கத்திலதான் கூட வழுக்கும். மேல மெல்லிய தண்ணிப் படலம் நிக்கும், அதுதான் எமன். பிளிசாக் ரப்பருக்குள்ள நுண்ணிய துவாரங்கள் வச்சிருக்கிறது அந்தப் படலத்தை உறிஞ்சத்தான். ஆனா ஒண்டு, அந்த மெதுவான பகுதி ரயரின் அடிவரைக்கும் இல்லை. பாதிக்கு மேல தேஞ்சால் கீழ இருக்கிறது சாதாரண வின்ரர் ரப்பர். பாவிச்ச பிளிசாக் மலிவா வந்தால் ஆழத்தை அளந்து பார்த்து வாங்குங்கோ. புதுசில 8 மில்லிமீற்றர் அளவில இருக்கும். எந்த ரயரும் 4-க்குக் கீழ போனால் சினோவுக்கு உதவாது, சட்டம் அதுக்குக் கீழயும் விட்டாலும்.

இன்னொண்டு, 20 சென்ரிமீற்றர் கொட்டின காலமை உங்கட கார் ரயராலயும் தப்பாது. அடிவயிறு சினோவில ஏறி இருந்துவிடும், சக்கரம் சும்மா சுத்தும். அண்டைக்கு வீட்டில இருந்து வேலை செய்யுங்கோ.

#8 கோவை86

நன்றி நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கலை. மூணு சந்தேகம்.

மலைச் சின்னம் இருந்தா போதும்னா, கிராஸ்கிளைமேட் 2 மாதிரி ஆல் வெதர் டயர்லயும் அந்தச் சின்னம் இருக்கே? வருசம் பூரா ஒரே செட்டுன்னு முடிச்சுடலாமேன்னு ஒரு சபலம்.

கிஜிஜில (பழைய சாமான் விக்கிற வெப்சைட்) ஒருத்தர் சுபாரு இம்ப்ரெஸா 16 இன்ச் ஸ்டீல் ரிம்மோட எக்ஸ்-ஐஸ் விக்கிறார். நண்பன்கிட்ட பழைய கொரோலா ரிம் சும்மா கிடக்கு, 5x100-தான். ரெண்டும் சேருமா?

ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டுமா?

#9 கடைப்பக்கம்

கடைசில இருந்து வர்றேன். உங்க 215/40/18 மொத்த விட்டம் 629 மி.மீ. 205/55/16 போட்டா 632. அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, ஸ்பீடோமீட்டரை மறந்துருங்க. ஆனா பக்கச்சுவர் உயரம் 86-ல இருந்து 113 மி.மீ. ஆகுது. மார்ச்ல பனி உருகி உறைஞ்சு ரோடெல்லாம் குழி விழும்போது அந்த 27 மி.மீ. எவ்வளவு பெரிசுன்னு புரியும். 18 இன்ச் ரிம் வளைஞ்சு வர்ற சீசன் அது. 215/40/18-ல விண்டர் டயர் தேர்வும் குறைவு, 16-ல எல்லா கம்பெனியும் இருக்கான், விலையும் இறங்கும்.

இம்ப்ரெஸா ரிம் சேரும். ஜிஆர்86-ம் அதோட இரட்டையான சுபாரு பிஆர்இசட்டும் சுபாரு தொழிற்சாலைல பிறந்த வண்டிங்க. அஞ்சு போல்ட் 100 மி.மீ., நடு ஓட்டை 56.1, ரெண்டும் இம்ப்ரெஸாவோடதுதான். கொரோலா ரிம்ல போல்ட் கணக்கு ஒத்துப்போகும், நடு ஓட்டை 54.1. உங்க ஹப் (சக்கரம் மாட்டுற நடு அச்சு) 56.1. ரெண்டு மி.மீ. சின்ன ஓட்டைக்குள்ள ஹப் எப்படிப் போகும்? டொயோட்டாவுக்கு டொயோட்டா ரிம்னு நினைச்சு வாங்கிட்டு வந்து நிக்கிறவங்க உண்டு. பெர்ஃபார்மன்ஸ் பேக்கோட பெரிய பிரேக் உங்க வண்டில இருந்தா 16 உள்ள போகாது, அப்ப 17 பாருங்க. எதுவானாலும் முன் சக்கரத்துல ஒண்ணை மாட்டி, கையால ஒரு சுத்து சுத்தி பிரேக் காலிப்பர்ல இடிக்குதான்னு பார்த்துட்டுக் காசு குடுங்க.

வாங்குமுன்ன டயர் பக்கத்துல கடைசி நாலு இலக்கத்தைப் படிங்க. 3523-ன்னா 2023-ம் வருசம் 35-வது வாரம். ஆழம் இருந்தும் ரப்பர் கிழடா இருந்தா ஐஸ்ல பிரயோஜனம் இல்லை.

மலைச் சின்னத்துக்கு வர்றேன். அந்தச் சோதனை கெட்டியான பனில டயர் எவ்வளவு இழுத்து முன்னாடி போகுதுன்னு மட்டும் அளக்குது. பிரேக்கைப் பார்க்காது, திருப்பத்தைப் பார்க்காது, ஐஸே அதுல கிடையாது. எம்+எஸ் அதுக்கும் கீழ, ட்ரெட்ல பள்ளம் எவ்வளவுங்கிற கணக்கு, சோதனையே இல்லை. அதனால கிராஸ்கிளைமேட்டும் ஹக்கப்பெலிற்றாவும் ஒரே சின்னத்தோட நிக்கும், ஐஸ்ல ரெண்டும் ஒண்ணா நிக்காது. நல்ல ஆல் வெதர் டயர் சிவிக்குக்குச் சரி. ஜிஆர்86-க்குப் போட்டா கோடையும் போச்சு, ஐஸும் போச்சு.

#10 ஈரோடு_ஈகோபூஸ்ட்

இடைல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு ஈகோபூஸ்ட் மஸ்டாங். தள்ளுறது பின் சக்கரம்தானே, பின்னாடி ரெண்டுக்கு மட்டும் விண்டர் டயர் போட்டா பாதிக் காசு மிச்சமாகுமே?

#11 ஸ்காபறோ_அண்ணை

வேண்டாம். வெளிக்கிட்டுப் போகலாம், நிக்க ஏலாது. பிரேக்கில முக்கால் வேலை முன் சக்கரத்துக்கு, திருப்புறதும் அதுதான். நீர் ஸ்ரியரிங்கைத் திருப்புவீர், கார் நேர போய் மற்றாளின்ர பம்பருக்குள்ள ஏறும். முன்னுக்கு மட்டும் போட்டால் அதைவிட மோசம், பின்பக்கம் உம்மை முந்திக்கொண்டு போகும். நாலு, இல்லாட்டி பஸ்.

#12 மஸ்டாங்_மச்சி

இதுல அண்ணன் கட்சி நான்.

டிக்கில மணல் மூட்டை வைக்கச் சொல்லுவாங்க சிலர். பழைய பிக்கப்புக்குச் சரி. ஜிஆர்86-ல எடை முன்பின் கிட்டத்தட்ட சமமாத்தான் இருக்கு, பிடிப்பு உள்ள பின் சக்கரத்துக்குச் சக்தியை அனுப்புற டார்சன் டிஃபரன்ஷியல் வேற, மூட்டை தேவையே இல்லை. வச்சா ஒழுங்கா கட்டி வைங்க, மோதும்போது பின் சீட் வழியா வந்து சேரும்.

முதல் ஸ்நோ விழுந்ததும் காலியா இருக்கிற பார்க்கிங் லாட்ல போய் நாலு சறுக்கு சறுக்கிப் பழகுங்க. கோவை, கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் இருக்கிற ஊர்க்காரர், சொல்லித்தரவா வேணும்?

#13 மொன்றியல்வாசி

ஐயோ, அதை மட்டும் ஒன்ராறியோவில செய்யாதேங்கோ. 2021-க்குப் பிறகு ஸ்ரண்ட் டிரைவிங் சட்டம் பார்க்கிங் லொட்டுக்கும் பொருந்தும். பிடிபட்டால் ரோட்டிலயே லைசென்ஸ் 30 நாள், கார் 14 நாள் போயிடும். பிறகு இன்சூரன்ஸ்காரன் கேக்கிற காசுக்கு இன்னொரு கார் வாங்கலாம். பழகுறதெண்டால் காசு கட்டி ஒரு வின்ரர் டிரைவிங் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ.

ஆணி ரயரைப் பற்றி ஆரும் கேக்க முதல் சொல்லிவிடுறன்: ஒன்ராறியோவில வடக்குப் பக்கத்து ஆக்களுக்கு மட்டும்தான். ரொறொன்ரோவில ஏலாது.

#14 பிஆர்இசட்_நிலா

நான் சில வருசமா பிஆர்இசட்டை இங்க குளிர்காலத்துலயும் ஓட்டுறேன், 16 இன்ச் ஸ்டீல், எக்ஸ்-ஐஸ். டயர் பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, யாரும் சொல்லாததை நான் சொல்றேன்.

இந்த வண்டிக் கதவுக் கண்ணாடியைச் சுத்தி ஃபிரேம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கும், அப்புறம்தான் கதவு வெளில வரும். உறைமழை பெய்ஞ்ச மறுநாள் கண்ணாடி ரப்பரோட ஒட்டிக்கிட்டு இறங்காது. கோபத்துல இழுத்தீங்கன்னா ரப்பர் கிழியும், கண்ணாடி விளிம்பு தெறிக்கும். நவம்பர்லயே ரப்பர் பட்டையைத் துடைச்சு சிலிகான் கிரீஸ் தடவி வைங்க. மாட்டிக்கிட்டா உள்ளங்கையால கண்ணாடியோட மேல்விளிம்பை ஒட்டித் தட்டிக்கிட்டே போங்க, "டிக்"னு விடும். அப்ப கைப்பிடியைத் தொடுங்க. சுடுதண்ணி மட்டும் ஊத்தாதீங்க.

கோவை, உங்களுக்குச் சூடான பார்க்கிங்னீங்க. காத்தை அங்க அளந்துட்டு நிம்மதியா இருந்துடாதீங்க. வெப்பநிலை 6 டிகிரி இறங்கினா சுமார் 1 பிஎஸ்ஐ போகும். 18 டிகிரில 35 காட்டினது வெளில -12-ல 30. நான் ரெண்டு, மூணு கூடவே வச்சுடுவேன்.

மேனுவல்ல இன்னொண்ணு. வழுக்குற இடத்துல ரெண்டாவது கியர்ல கிளம்புங்க. வேகம் குறைக்க கியரைச் சட்டுனு இறக்கி கிளட்சை விட்டுடாதீங்க, பின் சக்கரம் மட்டும் பூட்டிக்கிட்ட மாதிரி ஆகும், ஏபிஎஸ் அதைக் காப்பாத்தாது. பனில புதைஞ்சு நின்னுட்டா டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைச்சுட்டுதான் வெளில வரணும், ரோட்டுக்கு வந்ததும் மறக்காம போட்டுடுங்க.

மஸ்டாங்_மச்சி சொல்ற நெளிவு நிஜம்தான். ஏப்ரல்ல 15 டிகிரி வந்துட்டா எனக்கே எரிச்சலா இருக்கும். ஆனா பிப்ரவரில ராத்திரி பத்து மணிக்கு வீட்டுத் தெருவுல ஸ்டாப் சைன்ல நிக்கும்போது அந்த எரிச்சல் இருக்கறதில்லை.

#15 ஸ்டுட்கார்ட்வாசி

நிலா சொன்னது நியாயம். நான் டொராண்டோவில் இருந்தால், ஒரே காராக ஜிஆர்86 இருந்தால், ஐஸ் டயர்தான் போடுவேன். இரண்டாவது கார் இருந்து, பனி கொட்டும் நாளில் கூப்பேயை வீட்டில் விட முடியும் என்றால் பெர்ஃபார்மன்ஸ் விண்டர்.

#16 மஸ்டாங்_மச்சி

எனக்கு வீட்ல டொயோட்டா ஆர்ஏவி4 எஸ்யூவி இருக்கு. அதை முதல்லயே சொல்லியிருக்கணுமோ.

#17 ஸ்காபறோ_அண்ணை

😂😂 இவ்வளவு நேரமும் வாதாடினது ஆர்ஏவி4-ஐ கராஜில வச்சுக்கொண்டா!

#18 கோவை86

இம்ப்ரெஸா செட்டைப் போய்ப் பார்த்துட்டேன். எக்ஸ்-ஐஸ் ஸ்நோ, 205/55/16, தேதி 2822, ஆழம் நாலுலயும் 7 மி.மீ. சுமார். முன் சக்கரத்துல மாட்டிச் சுத்திப் பார்த்தோம், எங்கயும் இடிக்கலை. வாங்கிட்டேன். ஒரு ரிம் விளிம்புல கொஞ்சம் துரு. இப்ப ரெண்டு கேள்வி: வீட்லயே மாத்திக்கலாமா, 18 இன்ச் செட்டை எப்படி வைக்கிறது? லாக்கர் சின்னது.

#19 கடைப்பக்கம்

ரிம்மோட இருக்கிற செட்டு வீட்லயே மாத்தலாம். ஜாக்கை வண்டிப் புத்தகத்துல காட்டின இடத்துல மட்டும் குடுங்க. சக்கரம் கழட்டினதும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுச் சுத்தம் பண்ணுங்க. உப்பு புகுந்து துரு ஏறிச்சுன்னா வசந்தத்துல சக்கரம் ஹப்போட ஒட்டிக்கும், உதைச்சாக்கூட வராது. நட்டை நட்சத்திர வரிசைல, டார்க் ரெஞ்ச் வச்சு 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன்ல முடுக்குறவன்கிட்ட குடுக்காதீங்க. 100 கி.மீ. ஓட்டினதும் இன்னொரு தடவை முடுக்கிப் பாருங்க. இதை மட்டும் யாரும் செய்யறதில்லை.

துரு விளிம்புல டயர் உக்கார்ற இடம் வரைக்கும் போயிருந்தா காத்து மெதுவா இறங்கும். சோப்புத் தண்ணி தெளிச்சா குமிழ் வரும். வந்தா கடைக்குக் கொண்டுவாங்க, கழட்டித் தேய்ச்சு சீலர் போட்டுக் குடுத்துடலாம். டிபிஎம்எஸ் சென்சார் (டயர் காத்தழுத்தத்தைக் காட்டுறது) அந்த ரிம்ல இல்லைன்னா மீட்டர்ல விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அது தொந்தரவா இருந்தா தனி சென்சார் போடலாம், இல்லைன்னா கேஜ் ஒண்ணு வாங்கிக்கங்க.

கோடை செட்டைக் கழுவி, காய வச்சு, ரிம்மோட இருக்கிறதால ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வைக்கலாம். கறுப்புப் பையில கட்டிருங்க. மோட்டார், ஹீட்டர் பக்கத்துல வேண்டாம். எந்த டயர் எந்தப் பக்கம்னு சாக்பீஸால எழுதிட்டுக் கழட்டுங்க.

#20 கோவை86

சனிக்கிழமை மாத்துறேன். ஸ்டீல் ரிம்முக்கு கன்மெட்டல் கலர் ஸ்ப்ரே அடிச்சா உப்புல நிக்குமா?

#21 பிஆர்இசட்_நிலா

நிக்கும், துருவை முழுசா தேய்ச்சு ப்ரைமர் அடிச்சீங்கன்னா. நட்டு உக்கார்ற குழியிலயும் ஹப்பைத் தொடுற முகத்துலயும் பெயிண்ட் படாம டேப் ஒட்டிருங்க, பெயிண்ட் நசுங்கினா நட்டு தளரும். 10 டிகிரிக்கு மேல இருக்கிற நாள்ல அடிக்கணும், அதனால சனிக்கிழமைக்கு முன்னாடியே முடிச்சுருங்க.